சூட்டு அறையில் நின்ற கால்

சமீருல்லாவின் இடது காலைப் பற்றி அவனைவிட அவன் மனைவி மஹ்பூபிக்குத்தான் அதிகக் கவலை. போன வருஷம் ரத்தம் ஓடாமல் அந்தக் காலின் பெருவிரல் கருக்கத் தொடங்கியது. வேலூர் ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து, அடைத்துப்போன ரத்தக்குழாய்க்கு மாற்றுவழி போட்டார்கள். விரல் பிழைத்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஜெனிஃபா மஹ்பூபியின் விரல்களைப் பிடித்து அவன் புறங்காலில் வைத்தாள்.

"துடிக்குதாக்கா? தினமும் பாருங்க. வலி இல்லன்னாலும் சொன்ன தேதிக்கு ஸ்கேனுக்கு வந்துடணும். புதுக்குழாய் சுருங்க ஆரம்பிச்சா முதல்ல ஒண்ணுமே தெரியாது."

பேரணாம்பட்டுக்குத் திரும்பியதும் அவன் பீடியை விட்டான். மஹ்பூபியால் விட முடியவில்லை. பீடி சுற்றித்தான் வீட்டில் பாதி அடுப்பு எரிந்தது. சுற்றி முடித்த விரல்களால் தினமும் அவன் காலைத் தொட்டுப் பார்ப்பாள்.

"இன்னாடி இது? பொண்டாட்டிய கால்ல விழ வெக்கிறான்னு தெருவே பேசப்போவுது."

அவன் கேலி செய்யச் செய்ய, தொடுவது குறைந்தது. பிறகு தோல் தொழிற்சாலையில் பெரிய ஆர்டர் வந்தது. வெள்ளிக்கிழமை லீவும் போனது. இருட்டில் போய் இருட்டில் வருவான். ஸ்கேன் தேதி வந்து, போய்விட்டது.

"வலிக்காத காலுக்கு இன்னா ஸ்கேன்? ஆர்டர் முடியட்டும்."

ஜெனிஃபா விடாமல் போன் செய்தாள். வேலையிடத்தில் நின்றபடியே அவன் பேசுவான்.

"கால் சூடா இருக்காண்ணா?"

"கொதிக்குது சிஸ்டர்."

"நடந்தா வலிக்குதா?"

"இல்லவே இல்ல."

"சந்தோஷம். ஆனா ஸ்கேனுக்கு வாங்க."

அவன் சொன்னது எதுவும் பொய்யில்லை. ஈரத்தோலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, உலர்த்தும் சூட்டு அறைக்குள் தள்ளுவது அவன் வேலை. அந்த அறை வாசலில் நிற்கிற எந்தக் காலும் சூடாகத்தான் இருக்கும். வீட்டுக்கும் வேலைக்கும் பைக். வலிக்கிற அளவுக்கு அவன் எங்கே நடந்தான்?

ஆர்டர் முடிந்து முதல் வெள்ளிக்கிழமை. தொழுகைக்குக் கால் கழுவிவிட்டு வந்தவன், பீடி முறத்தோடு உட்கார்ந்திருந்த மஹ்பூபியின் பக்கத்தில் காலை நீட்டினான். இடது கால் அவள் கையில் பட்டது. ஜில்லென்றிருந்தது.

"இப்பத்தானே கழுவினேன்."

"ரெண்டு காலையும்தானே கழுவினீங்க?"

அவன் வலது காலைத் தொட்டுப் பார்த்தான்; அது வெதுவெதுப்பாக இருந்தது. அவள் முறத்தைத் தள்ளிவிட்டுப் புறங்காலைத் தடவினாள். ஏதோ துடித்தது. அவன் காலா, பயத்தில் அடித்துக்கொள்ளும் தன் விரலா? அழுத்தினாள். இடம் மாற்றினாள். தெரியவில்லை.

"நாளைக்குப் போலாம்..."

"இப்ப."

ஜெனிஃபாவும் போனில் அதையேதான் சொன்னாள்.

வேலூரில் பஸ்ஸை விட்டிறங்கி நடந்தபோது, அவன் ஒரு செல்போன் உறைக் கடையில் நின்றான். கொஞ்ச தூரம் போய் ஒரு பழக்கடையில் நின்றான்.

"இன்னா வாங்கப்போறீங்க?"

"ஒண்ணுமில்ல. கெண்டைக்கால் பிடிச்சிக்கிச்சு."

அவள் அவனை மேற்கொண்டு நடக்க விடவில்லை. உடனே ஆட்டோவை நிறுத்தினாள்.

ஸ்கேன் அறையில் வலது காலின் ரத்த ஓட்டம் உஸ் உஸ்ஸென்று தாராளமாகக் கேட்டது. இடது காலில் ஒரு மெல்லிய கீச்சுச் சத்தம். டாக்டர் அந்த இடத்திலேயே கருவியைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார்.

"நூல் மாதிரி சுருங்கியிருக்கு. முழுசா அடைச்சிருந்தா காலைக் காப்பாத்துறதே கஷ்டம். பலூன் விட்டு விரிச்சுப் பாக்கறோம்."

"விரிச்சிட்டா முடிஞ்சுதா சார்?" என்றான் சமீருல்லா.

"கால் இருக்கிறவரைக்கும் வரணும்."

மறுநாள் பலூன் சிகிச்சை முடிந்து அவனை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். மஹ்பூபி ஒரு கையை அவன் புறங்காலில் வைத்தாள். துடித்தது. அவள் நம்பவில்லை. மறுகையைத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கழுத்தில் ஓட்டமாக ஓடியது. காலில் நிதானமாக அடித்தது. இரண்டும் வேறு வேறு.

"இன்னா, இன்னும் கால்ல விழுந்து கிடக்கிறே?"

"போனைக் குடுங்க. இனிமே சிஸ்டர் கூப்பிட்டா நான் பேசறேன்."

அவன் கொடுத்தான். அவள் விரலை எடுக்கவில்லை.