நான் வாசித்த தீர்மானம்

மர்பி டவுனில் எங்கள் சந்துக்கு ஒரே ஒரு தெருக்குழாய். அதைப் பிடுங்கி மெயின் ரோட்டில் நட்டுவிடலாம் என்று பேச்சு அடிபட்ட சமயத்தில்தான், வார்டு கமிட்டிக்கு ஒரு பெண் வேண்டுமென்று பள்ளி ஆசிரியையான என்னைச் சேர்த்தார்கள். அது ஐம்பதுகளின் நடுவில். முதல் கூட்டத்துக்குக் கிளம்பியபோது, எட்டு மாதக் கர்ப்பிணியான பக்கத்து வீட்டுக்காரி வழிமறித்தாள்.

“டீச்சரம்மா, கொழாய மட்டும் உட்டுடாதீங்க. இந்த வயித்த வச்சிக்கினு அம்மாந்தூரம் போவ முடியாது.”

“நான் எதுக்கு இருக்கேன்? பாத்துக்கறேன், போ” என்றேன். எவ்வளவு திமிர் எனக்கு!

கூட்டத்தில் பதினோரு ஆண்கள், நான் ஒருத்தி. தீர்மானம் கன்னடத்தில் இருந்தது. தமிழர்களான பாதிப் பேருக்கு அந்த எழுத்து தெரியாது. “டீச்சர், நீங்க படிச்சி தமிழ்லயும் சொல்லுங்க” என்று தலைவர் காகிதத்தை நீட்டினார். குழாயை மாற்றும் தீர்மானமேதான். முதலில் படித்துவிட்டு அப்புறம் ஒரு பிடி பிடிக்கலாம் என்று எழுந்தேன். வகுப்பை அடக்கும் குரலில், ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது, மறைப்பானேன். கை தட்டினார்கள்.

“இதை நான் எதிர்க்கிறேன்” என்றேன்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். “நீங்களே கொண்டாந்துட்டு நீங்களே வேணாம்னா எப்பிடிம்மா?” என்றார் தலைவர்.

அந்தக் கமிட்டியில் எழுந்து படிப்பவர்தான் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர். எதிர்ப்பவர் அது படிக்கப்படுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்; படித்தபின் கை தட்டினால் நிறைவேறியதாகக் கணக்கு. எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மினிட்ஸ் புத்தகத்தில் தீர்மானத்தைக் கொண்டுவந்தவராக என் பெயர் ஏறிவிட்டது. ஒரு வருஷத்துக்கு அதே விஷயத்தைத் திரும்ப எடுக்கவும் கூடாதாம். விலகித் தொலைக்கலாமென்றால், அப்புறம் குழாயைத் திருப்பிக் கேட்க அங்கே வேறு நாதியில்லை. நானே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி ஆயிற்று.

சந்தில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். “படிச்சதுக்கெல்லாமா பேர் எழுதுவாங்க?” என்று கேட்டார்கள். ஒருத்தரும் நம்பவில்லை.

அடுத்த வாரமே குழாய் போய்விட்டது. நானும் குடத்தோடு மெயின் ரோட்டு வரிசையில் நின்றேன். முன்னால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி, ஒரு கையில் குடம், ஒரு கை இடுப்பில். மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். “டீச்சரம்மாவ முன்னால உடுங்க” என்றாள் மற்றவர்களிடம். “அவங்க கொண்டாந்த கொழாய்.”