ஜெனி விழுந்த பால்கனி

வக்கீல் தொழிலில் ஒரு சங்கடம், எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் எங்களைத் தேடி வருவார்கள். பொன்னேரி கோர்ட்டில் எனக்குப் பெரும்பாலும் வாடகை வீட்டுத் தகராறுகள்தான். வாடகைக்குக் குடியிருக்கும் உங்களுக்கு, நான் சொல்லப் போவதில் பாதியாவது தெரிந்திருக்கும்.

ஆடிய கம்பி

ஸ்டெல்லாவும் டேவிட்டும் கும்மிடிப்பூண்டியில் ஒரு வீட்டின் இரண்டாவது மாடியில் குடியிருந்தார்கள். டேவிட்டுக்கு சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. பால்கனிக் கம்பி துருப்பிடித்து ஆடுகிறது என்று குடிவந்ததிலிருந்தே வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பார்க்கலாம் என்பார் அவர்.

ஒரு சாயங்காலம் அப்பாவின் பைக் சத்தம் கேட்டு, நான்கு வயது ஜெனி கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கம்பி பெயர்ந்தது. டேவிட்டின் கண்ணெதிரில் குழந்தை கீழே விழுந்தாள். உயிர் பிழைத்தாள், ஆனால் முதுகெலும்பில் அடி, கால்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன.

வீட்டுக்காரர் மேல் வழக்குப் போட என்னிடம் வந்தார்கள். குழந்தையைக் கவனமாகப் பார்த்திருக்கக் கூடாதா என்று எதிர்த்தரப்பு கேட்கும் என்றேன். ஸ்டெல்லா அழாமல் சொன்னாள்: "துணி காயப்போடக்கூட பயந்துகினு ஊட்டுக்குள்ளயே கொடி கட்னேன் மேடம். கொழந்தைய இன்னா பண்றது, கட்டியா போட முடியும்?"

கூண்டில் வீட்டுக்காரர்

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூடவே ஓடியவர் அவர்தான். நெல் நிலத்தை விற்று அந்த வீட்டைக் கட்டியிருந்தார். கூண்டில் மட்டும், குழந்தையை அம்மா கவனிக்கவில்லை என்று அவர் வக்கீல் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார்.

இப்போது கம்பி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். எல்லா மாடிக்கும் புதிதாகப் போட்டுவிட்டதாகச் சொன்னார். முன்னாலேயே ஏன் போடவில்லை என்றேன்.

"அப்ப ஒண்ணும் ஆவலியேம்மா."

கீழ்த்தளம் வேண்டும்

வழக்கு நடக்கும்போதே வீட்டைக் காலி பண்ண வேண்டியதாயிற்று. இனி மாடி வேண்டாம், குழந்தையைத் தூக்கி ஏற முடியாது. மீஞ்சூரில் கீழ்த்தளம் ஒன்று அமைவதாக இருந்தது. எனக்குத் தெரிந்தவர்கள் வீடு என்பதால் நானும் கூடப் போனேன். வழக்கு விஷயம் தெரிந்ததும் வீட்டுக்கார அம்மாவின் முகம் மாறிவிட்டது. அவர் நின்று பேசிய மாடிப்படிக்குக் கைப்பிடியே இல்லை.

"பாவந்தான், இல்லன்னு சொல்லல. ஆனா நாளைக்கு எங்க மேலயும் கேஸ் போட்டா நாங்க இன்னா பண்றது?"

தீர்ப்பு

கடைசியில் சோழவரம் பக்கம் ஒரு வீடு கிடைத்தது. தீர்ப்பு வந்த அன்று அங்கே போனேன். ஆபத்து தெரிந்தும் கம்பியைச் சரிசெய்யாதது வீட்டு உரிமையாளரின் தவறு, நஷ்டஈடு அவர்தான் தர வேண்டும் என்று கோர்ட் சொல்லியிருந்தது. வீட்டுக்காரர் பிறகு அப்பீலும் போகவில்லை. நஷ்டஈடு எவ்வளவு என்று டேவிட் கேட்கவில்லை. ஜெனியின் காலைத் தேய்த்து விட்டுக்கொண்டிருந்தார். ஸ்டெல்லாதான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா மேல தப்பு இல்லன்னு போட்டுக்கிறாங்களே, அத மட்டும் இன்னொரு வாட்டி படிங்க மேடம்."

வழக்கில் ஜெயித்தால் கட்சிக்காரர்கள் ஸ்வீட் வாங்கிக்கொண்டு வருவார்கள். ஜெயித்தும் ஸ்வீட் பேச்சை யாரும் எடுக்காத வழக்கு எனக்கு இது ஒன்றுதான்.