கூவத்தை அடையாறு என்று நம்பிய விமானம்

விமானத்தில் ரேடியோக்காரன் என்பவன், விமானியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து சரியான வழியைச் சொல்லி, தவறான வழிக்குத் திட்டு வாங்குகிறவன்.

எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். ஒன்று, நான் தொழிற்சங்கம் சேர்த்ததும் கம்பெனிக்காரர்கள் எங்கள் ஓய்வறையைப் பூட்டினார்கள். இரண்டு, அதைக் கண்டித்துத் துண்டுப் பிரசுரம் போட்டதும் என் வார விடுமுறையை நிறுத்தினார்கள். மூன்று, பெரிய மனிதர்கள் எப்போது வேண்டுமானாலும் விமானி அறைக்குள் வரலாம் என்று வாய்மொழியாக உத்தரவு போட்டார்கள். நான்கு, அப்படி வந்த ஒருவரால் விமானம் வழி தவறியபோது, பழியை என் தலையில் வைத்து லைசென்ஸைப் பறிக்கக் கிளம்பினார்கள். லைசென்ஸ் போனால் இந்தத் தேசத்தில் எந்த விமானத்திலும் நான் ஏற முடியாது. பிறர் செய்த தப்புக்குக் கைகட்டி நின்ற தோழர்களே, உங்களுக்கு இது புரியும்.

மொட்டை மாடி தரிசனம்

உலகச் சண்டை முடிந்து பயணிகள் விமானம் ஓடத் தொடங்கிய புதிது. இறங்குவதற்கு முன் பிரமுகர்களுக்காக மயிலாப்பூருக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றுவது எங்கள் கேப்டனின் வழக்கம். ஒரு நாள் பெரிய வக்கீல் ஒருவரின் மனைவி உள்ளே வந்து கேப்டனின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். கோபுரம், குளம், தேரடி எல்லாவற்றையும் கேப்டன் காட்டினார். அம்மாள் தேடியது அவற்றை அல்ல.

உயரம் குறைகிறது என்று நான் சீட்டு எழுதி நீட்டினேன். அதை வாங்கக் கை வரவில்லை. கேப்டனின் கழுத்து ஜன்னல் பக்கமே இருந்தது. அம்மாள் சொன்னார்: “இன்னும் கொஞ்சம் கீழே இறக்குங்கோ. எங்காத்து மாடியிலே வடாம் காயறது, காக்கா கொத்தறதான்னு பார்க்கணும்.”

மாப்பிள்ளையின் மனை

மார்கழிக் காலை, நல்ல மூடுபனி. விசாகப்பட்டினத்திலிருந்து கடற்கரையோரமாக வந்துகொண்டிருந்தோம். வடக்கிலிருந்து வரும்போது முதலில் கூவத்தின் முகத்துவாரம், பிறகு சாந்தோம் கோயில், அதற்கப்புறம் அடையாறு. அடையாற்றின் மேல் வலது பக்கம் திரும்பினால் மீனம்பாக்கம். இதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம், பார்த்தால் போதும்.

அன்று பார்க்க ஆளில்லை. துணை விமானியை எழுப்பிப் பின்னால் அனுப்பிவிட்டு, முதலாளியின் மாப்பிள்ளை அந்த ஆசனத்தில் உட்கார்ந்திருந்தார். தியாகராய நகரில் தாம் வாங்கப்போகும் மனை மேலிருந்து எப்படித் தெரியும் என்பது அவருடைய கவலை. கேப்டனும் சேர்ந்து தேடினார். தேடிக்கொண்டே, பனிக்கு நடுவில் தெரிந்த முதல் ஆற்றின் மேல் திரும்பினார். மீனம்பாக்கம் ரேடியோவைக் காதில் கேட்டுக்கொண்டிருந்த நான், ‘இது கூவம், தெற்கே திரும்பவும்’ என்று எழுதிக் கொடுத்தேன். படிக்காமல் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். இரண்டாவது சீட்டும் அங்கேயே போயிற்று. பூந்தமல்லியைத் தாண்டி, பெட்ரோல் முள் அடியைத் தொட்டபோது, பின்னால் இருக்கும் இருபது உயிரை நினைத்து மேடையில் கத்துவதுபோல் கத்தினேன். கேப்டன் திரும்பிப் பார்த்தார். விமானமும் திரும்பியது. கடைசிச் சொட்டில் இறங்கினோம். கீழே வந்து கேப்டன் சொன்ன நன்றி இது: “காம்ரேட், விமானத்துக்குள்ளே கோஷம் போடாதீர்.”

ரோசம்மாளின் யோசனை

சாந்தோமில் என் வீட்டுக்கு மீன் கொடுப்பவள் ரோசம்மாள். என்மேல் விசாரணை என்று ஊருக்குத் தெரிந்த மறுநாள், கூடையை இறக்கி வைத்து இடுப்பில் கையை ஊன்றி நின்றாள். “இன்னா நைனா, அன்னிக்கு சிந்தாரிப்பேட்டை மார்க்கெட்டுல நிக்கிறேன், தலைக்கு மேல உன் ஏரோப்ளேன் போய்க்கினு கீது. அங்க இன்னா வேல உனக்கு?” என்றாள்.

ஆறு மாறிய கதையைச் சொன்னேன். முகவாயில் கை வைத்துக்கொண்டாள். “கூவம் நாத்தம் அம்மாம் ஒசரம் வர்லியா? கண்ணு தெரியாட்டி போவுது, உன் கேப்டனுக்கு மூக்குமா கெட்டுப்பூட்ச்சு?”

வாக்குமூலம்

விசாரணை தியாகராய நகர் ஆபீசில் நடந்தது. நடு நாற்காலியில் முதலாளி, பக்கத்தில் கேப்டன், சாட்சிகளாக நாலு குமாஸ்தாக்கள், மூலையில் சுருக்கெழுத்துக்காரர். ஒரு காகிதத்தை நீட்டி, சாட்சிகள் முன் உரக்கப் படி என்றார்கள். படிப்பது அப்படியே பதிவாகி லைசென்ஸ் அதிகாரிக்குப் போகுமாம். அதில், ‘விமானம் வழி தவறியதற்கு விமானி அறையில் நான் காட்டிய கவனக்குறைவே காரணம். இப்படிக்கு’ என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டிருந்தார்கள்.

வாசித்தேன். கடற்கரைக் கூட்டத்தில் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரலில், ஒரு சொல் விடாமல் வாசித்தேன். ‘இப்படிக்கு’ வந்தது. என் பெயரை விட்டுவிட்டு மாப்பிள்ளையின் பெயரை வாசித்தேன். முதலாளி எழுந்தே விட்டார். கேப்டன் தரையைப் பார்த்தார். சுருக்கெழுத்துக்காரர் மட்டும் காகிதத்திலிருந்து தலை தூக்காமல் சொன்னார்: “கொஞ்சம் நிதானமா சொல்லுங்கோ சார், இனிஷியல் விட்டுப்போயிடுத்து.”

வேலை அன்று மாலையே போயிற்று. பதிவான வாக்குமூலத்தை அதிகாரிக்கு அனுப்ப அவர்களுக்குத் துணிவில்லாததால் லைசென்ஸ் என்னிடமே தங்கியது. எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பெரிய மனிதர்களைப் பெயர் சொல்லித் திட்டியிருக்கிறேன், ஆனால் சாட்சிகளைப் பார்த்து, இனிஷியலோடு, முழு மரியாதையாக நான் வாசித்த பெயர் ஒன்றே ஒன்றுதான்: “திரு. டி. எம். சொக்கநாதன் அவர்கள்.”