தேருக்காக நகர்த்திய கார்

அந்தக் கார் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே எனக்கும் அதற்கும் ஆகவில்லை. ஸ்ரீரங்கத்தில் மேலச் சித்திரை வீதியில் குடியிருப்பவருக்கு டர்போ எஞ்சின் எதற்கு, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி எதற்கு என்று என் கணவரைக் கேட்பேன். "மலையா ஏறப் போறீங்க? பால் வாங்கத்தானே போறீங்க" என்பேன். சிரித்துக்கொண்டே பானெட்டைத் துடைப்பார். கோயம்புத்தூரில் யாரோ ஆசைப்பட்டு வாங்கி, ஆசை தீர்ந்து விற்ற கார் அது. தரையோடு தரையாக இருக்கும். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் அடிவயிறு உரசும் சத்தம் கேட்டு அவர் முகம் சுருங்கும். என்னை இறங்கி நடக்கச் சொல்லுவார், பாரம் குறையுமாம். பட்டுப் புடவையோடு நான் காருக்குப் பின்னால் நடந்து போன கல்யாணங்கள் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அந்தக் காருக்கு ஒரு நியாயம் கிடைக்கும். அவருடைய ஊர் வையம்பட்டி பக்கம். திண்டுக்கல் ரோட்டில் நகரத்தைத் தாண்டி வழி விரிந்ததும் காலை அழுத்துவார். ஒரு நொடி ஒன்றும் நடக்காது, அப்புறம் சீட் முதுகில் வந்து மோதும். நான் கண்ணை மூடிக்கொள்வேன். ஆபீசில் வாயே திறக்காத மனுஷன் அந்த ரோட்டில் பாட்டுப் பாடுவார். ஊர் நெருங்கும்போது நேர் ரோட்டில் கொஞ்ச தூரம் என்னிடம் ஸ்டியரிங்கைக் கொடுப்பார். என்னைத் தவிர வேறு யாரும் அந்த சீட்டில் உட்கார்ந்ததில்லை. வீட்டுக்கு வந்தாலும் உடனே எஞ்சினை அணைக்கக் கூடாது, டர்போ சூடு ஆறட்டும் என்று சும்மாவே ஓடவிட்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே சாம்பார் ஆறிக்கொண்டிருக்கும். அது ஆறினால் பரவாயில்லை போலிருக்கிறது.

சித்திரைத் தேர் எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். முந்தின நாளே ஆட்டோவில் மைக் கட்டி, வீதியில் நிற்கிற வண்டிகளை எடுக்கச் சொல்லிக்கொண்டு வருவார்கள். வருஷா வருஷம் அவரே காரை எடுத்துப்போய்த் திருவானைக்காவலில் நண்பர் ஒருவருடைய தென்னந்தோப்பில் விட்டுவிட்டு, பஸ்ஸில் திரும்பி வருவார். அதற்குள் வீதி முழுக்கக் கிராமத்து ஜனம் வந்து இறங்கியிருக்கும்.

இந்த வருஷம் தேருக்கு முந்தின நாள் நாங்கள் தென்னூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தோம். காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷைக் கீழே போட்டார். எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். வலது கையும் காலும் போய்விட்டன. நான் ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருந்தபோது எதிர்வீட்டுக்காரர் மூச்சிரைக்க வந்து நின்றார். வீதியில் எங்கள் கார் மட்டும்தான் நிற்கிறதாம்.

"டீச்சர், வண்டிய எடுத்தாகணும்ங்க. சாவி கொடுத்தீங்கன்னா பாத்துக்கறேன்."

கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். எப்படி எடுப்பீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. உள்ளே அவருக்கு நினைவு திரும்புமா என்பதே தெரியாமல் இருந்தது.

எதிர்வீட்டுக்காரர் நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதால்தான் எல்லாம் வந்தது. சார் யாரையும் தொடவிடாத வண்டியை நாம் ஓட்டி ஏதாவது ஆகிவிட்டால் என்று அவருக்குப் பயம். அதனால் ஓட்டவே இல்லை. கொக்கி வைத்த வண்டி ஒன்றை வரவழைத்து, ஹேண்ட் பிரேக்கை மட்டும் விடுவித்து, முன் சக்கரங்கள் இரண்டையும் தூக்கிக் கட்டி, பின் சக்கரங்கள் தரையில் உருள இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். உள் வழியெல்லாம் அடைத்திருந்ததால் பைபாஸ் ஏறிச் சுற்றிப் போயிருக்கிறார்கள். கீறல் விழக் கூடாதென்று பம்பருக்குத் தன் வீட்டுப் போர்வையை வேறு சுற்றியிருக்கிறார். "ஒரு சின்னக் கோடுகூட விழல டீச்சர்" என்று பெருமையாகச் சொன்னார்.

கோடு விழவில்லைதான். வழக்கமாக அந்தக் காரைப் பார்க்கிற தென்னூர் ஒர்க் ஷாப்காரர் தோப்பிலிருந்து காரை வீட்டில் கொண்டுவந்து விட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியை இரண்டு சக்கரத்தில் தூக்கி இழுக்கக் கூடாதாம். முன் சக்கரங்களையும் பின் சக்கரங்களையும் இணைக்கிற பாகம் நடுவில் சூடேறி வெந்துவிட்டது. நேராகப் போனால் தெரியாது, திருப்பினால் வண்டி முரண்டு பிடிக்கும். அந்தப் பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், பழைய மாடல் என்பதால் வரும் என்று சொல்ல முடியாது என்றார். சரி என்றேன். எனக்கு அப்போது அழக்கூடத் தெம்பில்லை.

அவருக்கு நினைவு திரும்பி, நாக்கு குழற முதலில் கேட்டது, "வண்டி?" என்றுதான்.

"நல்லா இருக்குங்க. தோப்புல விட்டிருந்து, வீட்டுக்கும் கொண்டுவந்தாச்சு."

பெங்களூரில் இருக்கும் மகள் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "அப்பாகிட்ட மூச்சு விடாதம்மா. பிரஷர் ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல. இன்னொரு தடவை வந்தா தாங்காதும்மா." அவளுக்கென்ன, சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். தினமும் சொல்ல வேண்டியவள் நான். காலையில் அவரைக் குளிப்பாட்டி, இட்லி ஊட்டி, ஆட்டோவில் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போய், திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடி, சாயங்காலம் வந்து அந்தக் கையைப் பிடித்து விரல் விரலாக மடக்கி நீட்டும்போது கேட்பார். "வண்டி எப்படி இருக்கு?" "நல்லா இருக்குங்க." ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தாயா என்பார். பார்த்தேன் என்பேன். சத்தம் எப்படி என்பார். எப்போதும் போலத்தான் என்பேன். ஜன்னலுக்கு வெளியே உறை போட்ட கார் நின்றுகொண்டிருக்கும். சமைப்பது, துவைப்பது, தூக்கி உட்கார வைப்பது எல்லாவற்றையும்விட இந்த ஒரு பதில்தான் என்னை அலுக்க வைத்தது. கை சரியாகிவிடும் என்பதையும் இதே குரலில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆடியில் காவிரியில் தண்ணீர் வந்துவிட்டதென்று பேப்பரில் பார்த்தார். ஆற்றைப் பார்க்க வேண்டும் என்றார். ஆட்டோ சொல்கிறேன் என்றேன்.

"ஆட்டோல தினம்தான் போறோம். நம்ம வண்டில போவோம். நீ ஓட்டு."

சாக்குப்போக்கு எல்லாம் சொல்லிப் பார்த்தேன். கூட்டம் என்றேன், வெயில் என்றேன், கிளட்ச் கனம் என்றேன். குழந்தை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். என்னால் முடியவில்லை. வருவது வரட்டும் என்று எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகத் தாங்கி அவரை முன் சீட்டில் உட்கார வைத்தோம்.

ஸ்ரீரங்கத்தில் நேர் வழி என்று ஒன்று இல்லை. கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள், எந்தப் பக்கம் போனாலும் ஒரு முனையில் முழுசாகத் திரும்பியாக வேண்டும். வீதியில் தெற்கே ஊர்ந்து போனபோது எனக்குப் புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முனை வந்தது. இடப்புறம் ஒடித்தேன். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் கார் நின்று, உதறி, டயர் முனகி, கடகடவென்று திரும்பியது.

"ரோட்ட என்ன பண்ணி வச்சிருக்காங்க பாருங்க. ஒரே குழி" என்றேன்.

கோபுர வாசலுக்கு வலப்புறம் திரும்பும்போது மறுபடி அதே உதறல். எனக்குக் கிளட்ச் பழக்கம் விட்டுப்போச்சு என்றேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். இடது கையால் வலது கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடி இருந்தார். முகம் சிவக்கிறதா, வாய் கோணுகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ராஜகோபுரம் தாண்டியதும் வழி நேராகிவிட்டது. கார் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது.

அம்மா மண்டபத்துக்கு முன்னால் தண்ணீர் தெரிகிற இடமாகப் பார்த்து நிறுத்தினேன். சாவிக்குக் கையைக் கொண்டுபோனபோது இடது கையைத் தூக்கித் தடுத்தார். சூடு ஆறட்டும். எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. காவிரி செம்மண் நிறத்தில் கரை தொட்டுப் போனது.

"முன்பக்கத்தத் தூக்கிக் கட்டித்தானே இழுத்தாங்க?" என்றார்.

அவர் பக்கம் திரும்பினேன். "யாருங்க சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கு நெனப்பு வந்தன்னிக்கே தெரியும். தேரு ஓடியாச்சு, நீ ஆஸ்பத்திரில இருக்க, நம்ம தெருவுல ஒருத்தனும் இத ஓட்ட மாட்டான். வேற எப்படி நகத்தியிருப்பாங்க?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை நாள் வாய் வலிக்கப் பொய் சொன்னதெல்லாம் நினைவு வந்து ஆத்திரம் பொங்கியது. "அப்புறம் எதுக்குத் தினமும் கேட்டு என் உசிர வாங்குனீங்க?" என்று கத்திவிட்டேன். படித்துறைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள்.

அவர் மடியிலிருந்த வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ நல்லா இருக்குன்னு சொல்லுவல்ல. அதக் கேக்கறதுக்குத்தான்" என்றார். இடது கையால் அந்தக் கையைத் தடவிக்கொண்டே, "கை சரியாயிடும்னும் சொல்ற. டாக்டர் உங்கிட்ட வெளிய நின்னு சொன்னது உள்ள எனக்குக் கேட்டுச்சு. இருந்தாலும் நீ சொல்லு" என்றார்.

சூடு ஆறிவிட்டதென்று அவர் தலையசைத்ததும் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன்.

திரும்பி வரும்போது இரண்டு முனைகளிலும் கார் உதறியது. நான் ரோட்டைக் குறை சொல்லவில்லை. சாயங்காலம் எண்ணெய் தேய்த்து விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு விரலும் அசையவில்லை.

"வண்டி எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்குங்க" என்றேன். "கையும் பரவால்ல."