மேல் தண்ணீர்

பயிற்சிக் குழுவின் தலைவியாக என் பெயரைத்தான் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். கிணறுகளில் உப்பு ஏறாமல் காக்க இளைஞர்களுக்கு நடந்த அந்தப் பயிற்சி எங்கள் கட்டைபறிச்சானில்தான் நடந்தது. ஆனால் தெரிவானது குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்த பஸ்மிலா. அவள் சிரித்தால்கூட எனக்கு எரிந்தது.

கோயிலடிக் கிணற்றில் வாளியால் மேல் தண்ணீரை அள்ளி, உப்பு அளக்கும் மீற்றரை வைத்துப் பார்த்து, "நல்ல தண்ணி" என்று எழுதினாள். எங்கள் மணல் கிணறுகளில் நல்ல தண்ணீர் மேலே நிற்கும், உப்பு அடியில் கிடக்கும். போத்தலில் கல்லைக் கட்டி, அடைப்போடு இறக்கி, அடியில் நூலால் அடைப்பை இழுத்து அடித்தண்ணீரையும் எடுக்க வேண்டும். எனக்குத் தெரியும். சொல்லவில்லை. பிழைவிடட்டும் என்றிருந்தேன்.

கடைசி நாள் ஊர்க்கூட்டத்தில் அந்தக் கிணற்றுக்கு மோட்டர் போடலாம் என்றாள். மோட்டர் இழுத்தால் அடி உப்பு மேலே வந்து கிணறே பாழாகும். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அவளோ என்னைக் கைகாட்டினாள்.

"இது இந்த அக்காட ஊர்க் கிணறு. அவ ஓம் எண்டாத்தான் போடுவம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏலாது. அடியில உப்பு" என்றேன்.

அவள் கிட்ட வந்து, "அண்டைக்கே தெரியுமா அக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். தலையாட்டினேன். ஒரு கணம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"நாங்க பிழையா அளந்திட்டம். நாளைக்குத் திரும்ப அளப்பம்."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தலைவிப் பதவி ஏன் எனக்கு வரவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. விளங்கிய பிறகும் அவள்மேல் பொறாமை குறையவில்லை என்பதையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.