கேஸ்தான் என்று சொன்ன பாஸ்கர்

பாஸ்கருக்கு மாரடைப்பு வந்து நான்கு வருடம் ஆகிறது. ஆனால் காசிமேட்டில் அது நேற்று வந்த மாதிரிதான் பேச்சு. காரணம் அவனேதான். விசைப்படகு ஓட்டுகிறவன், பத்து நாள் கடலில் கிடந்துவிட்டுக் கரையேறினால், டீக்கடையில் உட்கார்ந்து அந்தக் கதையை எடுத்துவிடுவான்.

“நெஞ்சு மேல ஐஸ் பெட்டிய தூக்கி வெச்சா மாரி இருந்துச்சு மாமு. எடது கை அப்டியே மரத்துப்பூடுச்சு. வேர்வைன்னா அப்டி ஒரு வேர்வை!”

செத்துப் பிழைத்ததை ஒரு பட்டமாகவே வைத்துக்கொண்டான். தெருவில் யாருக்கு மார் வலித்தாலும் அவனிடம் வந்து கேட்டார்கள். அவனும் கூச்சமில்லாமல் சொன்னான். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். பாஸ்கர் அவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கவில்லை. வீட்டிலேயே ஒரு ஆள் இருந்தாள்.

அவன் மனைவி அங்கம்மாவுக்கு ஐம்பத்தொரு வயது. திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். அவனுக்கு நெஞ்சுவலி வந்த நாளிலிருந்து அவனுக்கென்று தனியாக உப்பில்லாத குழம்பு. கருவாட்டை அவன் கண்ணில் காட்டமாட்டாள். வீணாக்குவானேன் என்று பழைய சோற்றோடு தானே தின்று தீர்ப்பாள். அவளுக்கும் பிரஷர் உண்டு, சர்க்கரை உண்டு. அதை யார் நினைத்தார்கள்?

இரண்டு வாரமாக அவளுக்கு முடியவில்லை. மாடிப்படி நாலு ஏறினால் மூச்சு வாங்கியது. காரணமில்லாமல் அசதி. அன்று ராத்திரிச் சோற்றைத் தொடாமல் குமட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாமே, நெஞ்சு வலிக்குதா?” என்று பாஸ்கர் கேட்டான்.

“நெஞ்செல்லாம் இல்லய்யா. முதுகு புடிச்சுகினு கீது. தாடை கடுக்குது.”

“எடது கை?”

“ஒண்ணியும் இல்ல.”

“அப்போ வாயுதான், கேஸ்தான். எனக்குத் தெரியாதா? ஒரு சோடா குடிச்சுட்டுப் படு.”

குடித்தாள். படுத்தாள். மறுநாள் காலை மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு வீட்டு மாடிப்படியிலேயே சாய்ந்துவிட்டாள். மகள் வினிதா ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். விஷயம் தெரிந்து பாஸ்கர் ஓடிவந்தபோது ஈசிஜி எடுத்து முடித்திருந்தார்கள்.

“மாரடைப்புதான்,” என்றார் டாக்டரம்மா. “ரொம்ப லேட். பொம்பளைங்களுக்கு நெஞ்சே வலிக்காமகூட வரும். மூச்சு வாங்கும், முதுகு, தாடை வலிக்கும், குமட்டும். மாசவிலக்கு நின்ன பிறகு இன்னும் கவனமா இருக்கணும். கேஸ்னு யாரு சொன்னது?”

“நான்தான் நெனச்சுக்கினேன்,” என்றாள் அங்கம்மா.

பாஸ்கர் தரையைப் பார்த்தான். அவள் தன்னைக் காப்பாற்றுகிறாள் என்று தெரிந்தும் சும்மா நின்றதுதான் அவனுக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

“பிரஷர் மாத்திரை தினமும் போட்டீங்களா?”

“போட்டேன்.”

அது பொய். சர்க்கார் நர்ஸ் வீடு தேடி மாத்திரை கொடுக்க வரும் நாளில் பாஸ்கர் கடலில் இருப்பான். அவனுக்கு மாத்திரை தட்டுப்பாடாகும்போதெல்லாம் அங்கம்மா தன் மாத்திரையை அவன் பையில் வைத்து அனுப்பினாள். இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரைதானே என்று. உறைமேல் அவள் பெயர் இருந்ததை அவன் நடுக்கடலில் பார்த்திருக்கிறான். வேறு வாங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு விழுங்கினான். மூன்று தடவை.

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்தார். போட்ட மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்து வேறு ஏதாவது கொடுத்துவிட்டால்?

“அது போடல டாக்டர்,” என்றான். “அதோட மாத்திரைய நான் எடுத்துகினு போய்ட்டேன். கேஸுன்னு சொன்னதும் நான்தான்.”

டாக்டரம்மா எழுதியதை அடித்தார். அங்கம்மாவுக்குக் கோபம் வந்தது, அவன்மேல் அல்ல.

“அவுரு கடலுக்குப் போற ஆளும்மா. நடுக்கடல்ல ஒண்ணு ஆச்சுன்னா ஆரு தூக்கியாருவா? நான் கரையிலதானே கீறேன்.”

“கரையில உங்கள யாரு தூக்கினு வந்தாங்க? வீட்டுக்காரரா?”

“பொண்ணுதான். இவருக்குப் போன் போட்டுச்சு. இவரு எடுக்கல.”

வேலையாக இருந்திருப்பான் என்றே அவள் நினைத்திருந்தாள். வேலை ஒன்றும் இல்லை. போன் அடித்தபோது பாஸ்கர் டீக்கடையில் இருந்தான். புதிதாக வந்த இரண்டு பேருக்கு நெஞ்சுவலிக் கதை சொல்லிக்கொண்டிருந்தான்; வேர்வை கொட்டிய இடம் வந்திருந்தது. மகள் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் போனைக் கட் செய்தான்.