எமில் வாண்ட்ராவின் பதினேழு கோணல் துப்பாக்கிகள்

பழைய ரிவால்வர்களைப் பற்றி எமில் வாண்ட்ராவுக்குத் தெரிந்த அளவு நெப்ராஸ்காவில் எங்கள் பகுதியில் இன்னொருவருக்குத் தெரியாது. அவர் அளவுக்குச் சுடத் தெரியாதவரும் இன்னொருவர் கிடையாது. முதல் விஷயத்தை ஊரே அவர் முகத்துக்கு நேராகச் சொல்லும். இரண்டாவதை முப்பது வருஷமாக அவர் காதில் விழாமல் பார்த்துக்கொண்டது.

கூட்டுறவுத் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுவதுதான் எமிலுக்கு வேலை. மக்காச்சோளம் ஏற்றிய லாரி மேடைமேல் ஏறினால் கண்ணாடி அறைக்குள்ளிருந்து முள்ளைப் பார்ப்பார், சீட்டு எழுதுவார், அவ்வளவுதான். எந்த விவசாயி வந்து "எமில், என் லாரி இன்னும் கனமா இருக்குமே" என்று இழுத்தாலும், "முள்ளு உன் சொந்தக்காரனும் இல்ல, என் சொந்தக்காரனும் இல்ல" என்று முடித்துவிடுவார். அப்பேர்ப்பட்ட நியாயஸ்தர். துப்பாக்கி விஷயத்தில் மட்டும் அந்த நியாயம் எங்கே போய்த் தொலைந்தது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை ஆனால் போதும், எங்காவது ஒரு பண்ணைவீட்டில் ஏலம் இருக்கும். எமிலும் மனைவி டொலோரஸும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வீட்டுக்காரர் காலமாகியிருப்பார், அவருடைய உழுகருவி, ஏணி, தையல் மிஷின் நடுவே ஒரு பழைய ரிவால்வர் துணியில் சுற்றிக் கிடக்கும். எமில் அதை எடுத்துத் திருகாணிகளின் வாய் சிதைந்திருக்கிறதா என்று பார்ப்பார். தோட்டா போடும் உருளையைத் திறந்து ஒவ்வொரு அறையாக வெளிச்சத்தில் பிடிப்பார். மூடும்போது, தூங்கும் குழந்தையின் அறைக்கதவைச் சாத்துகிற மாதிரி கட்டைவிரலால் சாத்துவார். சினிமாவில் வருகிற மாதிரி மணிக்கட்டை உதறி மூடுகிறவனைக் கண்டால் அவருக்கு உடம்பெல்லாம் எரியும். அப்படி மூடிய ஒரு காப்பீட்டு ஏஜெண்டிடம் அதோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

வாங்கிய துப்பாக்கிக்கு அதை விற்ற விதவையின் பெயரையே வைப்பார். ஹெர்மினா, எடித், லுட்மிலா என்று பதினாறு பேர் அவருடைய அலமாரியில் வரிசையாகத் தொங்கினார்கள். வாங்கிய வாரம் ஒரே கொஞ்சல். "டொலோரஸ், இவ வேற ஜாதி. இவ நேரா சுடுவா பாரு" என்பார். ஞாயிற்றுக்கிழமை ஊர்த் துப்பாக்கிக் கிளப் மைதானத்தில் ஆறு தோட்டா சுடுவார். ஆறும் குறி அட்டையின் வட்டத்துக்கு வெளியே, கடிகார முகத்தில் ஏழு இருக்குமே, அந்த மூலையில் கும்பலாகப் போய் உட்காரும். மறுநாளே தீர்ப்பு வந்துவிடும்: "குழல் கோணல்."

தோட்டா கீழே போனால், குழல் நுனியில் இருக்கும் குறிமுள்ளை அரத்தால் கொஞ்சம் தேய்த்துக் குறைக்க வேண்டும். அடி மேலே ஏறும். கணக்கு சரிதான். ஆனால் பழைய துப்பாக்கி சேர்ப்பவர்களுக்கு அது கொலைபாதகம். ஒருமுறை அரம் பட்ட முள் திரும்ப வளராது. எமில் மற்றவர்களுக்கு இதையே உபதேசம் செய்வார், வீட்டுக்குப் போய் அரத்தை எடுப்பார். அப்படித் தேய்த்த ஹெர்மினாவைத் தீவனக்கடை லெனார்ட் கோவர் ஒரு வாரம் இரவல் வாங்கிச் சுட்டுப் பார்த்தார். அவர் கையில் அடி வட்டத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் போய் விழுந்தது. லெனார்ட் ஒன்றும் சொல்லாமல் எண்ணெய் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். எமிலிடம் சொல்லவில்லை என்கிறேன். மற்ற எல்லோரிடமும் சொன்னார்.

துப்பாக்கியில் குறையில்லை என்றால் குறை எங்கே? வெடிச் சத்தம் வரப்போகிறது என்று கை முன்கூட்டியே பயந்துகொள்ளும். விசையை இழுக்கும் நொடியில் குழல் நுனி தன்னால் கீழே குனியும். வெடித்துவிடுவதால் அந்தக் குனிவு சுடுகிறவன் கண்ணுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: இன்னொருவர் உங்களுக்குத் தெரியாமல் நல்ல தோட்டாவோடு சுட்டுத் தீர்ந்த வெற்றுக் கூடுகளையும் கலந்து போட்டுத் தர வேண்டும். வெற்றுக் கூட்டில் துப்பாக்கியின் சுத்தியல் 'டக்' என்று விழும்போது, வெடிக்காத துப்பாக்கி ஏன் குனிகிறது என்று ஊரே பார்த்துச் சிரிக்கும்.

இந்தச் சோதனையில் எங்கள் கிளப்பின் ஆஸ்தான நிபுணர் யார் என்கிறீர்கள்? சாட்சாத் எமில்தான். ஒரு வசந்தத்தில் புதிதாகச் சேர்ந்த பல் டாக்டர் செட்லாக்கை நிறுத்திவைத்து, தன் கையாலேயே கூடுகளைப் போட்டுக் கொடுத்தார். டாக்டரின் குழல் குனிந்தது.

"பாத்தீங்களா டாக்டர், கோழி கொத்துற மாதிரி கொத்துது! பயம், பயம். உங்க நாற்காலில வந்து உக்காருறவன் படுற பயத்த நீங்க இங்க வந்து படுறீங்க."

பின்னால் நின்ற கூட்டம் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! லெனார்ட் இருமுவதுபோல் நடித்துக் கார் வரைக்கும் போய்விட்டார். எமிலுக்கு யாரும் அந்தச் சோதனையைச் செய்ததில்லை. ஊரில் யாருடைய துப்பாக்கி மக்கர் செய்தாலும் பைசா வாங்காமல் பிரித்துச் சரிசெய்து தருகிற மனிதர். அவரைப் போய் எப்படி? அதனால் ஒவ்வொரு ஞாயிறும் அவருடைய அட்டையைப் பார்த்து, "ஆமாப்பா, குழல் கோணல்தான்" என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இப்படியே போயிருக்கும். ஆனால் தொண்ணூற்றாறாம் வருஷம் எமிலின் அக்கா இறந்தார். அவர் வீட்டிலிருந்து ஒரு செருப்பு டப்பா வந்தது. உள்ளே அப்பாவின் ரிவால்வர்.

அப்பா ஆன்டன் வாண்ட்ரா இருபத்துநான்கு வருஷம் எங்கள் ஊர்க் காவல்காரர். இடுப்பில் அதைக் கட்டிக்கொண்டு அலைந்தவர், ஒரே ஒரு தடவைதான் சுட்டார். மாதா கோயில் திருவிழாவில் மிரண்டு கூட்டத்துக்குள் ஓடிய காளையை, நாற்பது தப்படியிலிருந்து, ஒரே தோட்டாவில். எமிலுக்கு அப்போது ஒன்பது வயது, அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருந்தார். உறை உரசி உரசிக் கருப்பு மங்கியிருந்த அந்தத் துப்பாக்கிக்கு எமில் பெயர் வைக்கவில்லை. இரண்டு நாள் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார். ஞாயிறன்று ஆறு தோட்டா சுட்டார். ஏழு மணி மூலை.

வீட்டுக்கு வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்பாவோடதும் கோணல், டொலோரஸ்."

அடுத்த சனிக்கிழமை பக்கத்து ஊரோடு வருஷப் போட்டி. அப்பா துப்பாக்கியோடுதான் நிற்பேன் என்று சொல்லியாகிவிட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் சமையலறை மேஜையில் செய்தித்தாளை விரித்தார். மேஜை விளிம்பில் மாட்டிய பிடிகட்டையில் துப்பாக்கியைத் தோல் வைத்து இறுக்கினார், அரத்தை எடுத்தார். எதிரே கொலாச்சி என்ற உள்ளங்கை அளவு இனிப்பு ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த டொலோரஸின் கை நின்றது.

கிளப்பில் மதிப்பெண் எழுதுகிறவர் டொலோரஸ். முப்பது வருஷமாக எமிலின் அட்டைகளைக் கையில் வாங்கி ஓட்டைகளை எண்ணியவர்.

"அத வை கீழ."

"கொஞ்சம்தான். நாலே இழுப்பு."

"எமில், உன் மேடையில பதினேழு லாரி ஏறுது. பதினேழும் ஒரே எடை காட்டுது. பதினேழு லாரியும் ஒரே கனம்னு சொல்வியா, இல்ல மேடையக் கொஞ்சம் குனிஞ்சு பாப்பியா?"

"என்ன சொல்ல வர்ற?"

"வா வெளியே. ஆறு தடவை சுடு. அப்புறம் அரமோ கோடாலியோ, உன் இஷ்டம்."

கொல்லையில் மண்மேடு இருந்தது. டொலோரஸ் மாவுக் கையைச் சமையல் மேல்துணியில் துடைத்துக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டி நின்று தோட்டா போட்டார். உருளையைக் கட்டைவிரலால் மெதுவாகச் சாத்திக் கொடுத்தார்.

எமில் மூச்சை இழுத்துப் பாதி விட்டார். விசையை இழுத்தார். டக். குழல் நுனி கீழே, இடப்பக்கமாக, ஒரு முழு அங்குலம் கொத்தியது.

அவர் துப்பாக்கியைப் பார்த்தார். திரும்ப இழுத்தார். டக். மறுபடி கொத்தியது. ஆறும் வெற்றுக் கூடு. ஆறு தடவையும் கொத்தியது. கடைசியில் வெடிக்காது என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகும் அந்தக் கை குனிந்தது, பாவம்.

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"எடித் வாங்கினோமே, அதுக்கு முந்தி."

"எடித் மூணாவது! ஏண்டி சொல்லல?"

"ஒரு தடவை லேசா ஆரம்பிச்சேன். நீ மூணு நாள் பேசல. எனக்கும் அப்புறம் சொல்ல மனசு வரல." டொலோரஸ் சோளக்காட்டுப் பக்கம் பார்த்தபடி சொன்னார். "வாரம் பூரா நீ கண்ணாடிக்குள்ள. சனிக்கிழமை ஆனா என்னையும் கூட்டிக்கிட்டுக் கிளம்புவ. போற வழியில பாடுவ. ஏலத்துக்காரன் கொடுக்கிற கருகின காப்பியக் குடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் வேலிமேல உக்காந்திருப்போம். குறை உன் கையிலன்னு தெரிஞ்சா ஒரு துப்பாக்கியோட நின்னிருப்ப. எனக்கு அந்தச் சனிக்கிழமை வேணும், எமில். அதான் வாய மூடிக்கிட்டேன்."

"இப்ப ஏன் சொன்ன?"

"ஹெர்மினாவ நீ ராவினப்போ எனக்கு வருத்தமில்ல. இது உங்கப்பா."

எமில் ராத்திரி சாப்பிடவில்லை. அரம் மட்டும் பெட்டிக்குள் போய்விட்டது.

சனிக்கிழமை போட்டியில் இரண்டு ஊரும் கூடியிருந்தது. முப்பது வருஷப் பழக்கம் இரண்டு நாளில் போகுமா? எமில் பல்லைக் கடித்துக்கொண்டு சுட்டார். ஆறும் ஏழு மணி மூலையில். அட்டையைக் கொண்டுவந்த லெனார்ட், பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்கும்படியாகவே, வழக்கமான ஆறுதலை ஆரம்பித்தார்.

"பரவால்ல விடு எமில், குழல் கொஞ்சம் கோண..."

"லெனார்ட்! எங்கப்பா துப்பாக்கியப் பத்தி ஒரு வார்த்தை சொன்ன, டாக்டர் இங்கதான் இருக்காரு, உன் பல்ல அவர்கிட்டக் குடுத்தனுப்புவேன். அதுல ஒரு குறையும் இல்ல. கொத்துறது என் கை. இத்தன வருஷமும் என் கைதான்."

லெனார்டுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"உனக்கு யாருடா சொன்னா?" என்றார்.

எமில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லோரும் அவரவர் காலணியைப் பார்த்தார்கள்.

"டாக்டர், உங்களுக்குமா?"

"சேர்ந்த அன்னிக்கே சொல்லிட்டாங்க, மிஸ்டர் வாண்ட்ரா. உங்ககிட்ட வாயத் திறந்தா உறுப்பினர் அட்டை கிடையாதுன்னாங்க."

"நல்லா இருக்குடா உங்க கிளப்பு!" என்றார் எமில். கோபமா அழுகையா என்று அவருக்கே தெரியாத குரல். பிறகு உருளையைத் திறந்து, கூடுகளை உள்ளங்கையில் கொட்டிவிட்டு, ஆறு புதுத் தோட்டா போட்டார். துப்பாக்கியின் பிடியை லெனார்ட் பக்கம் திருப்பி நீட்டினார்.

"நீ சுடு. எங்கப்பாவோடது எப்படிச் சுடும்னு நான் ஒரு தடவையாவது பாக்கணும்."

லெனார்ட் தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்தார். போட்டியில்கூட அவ்வளவு நிதானமாகச் சுட்டதில்லை அவர். ஆறு தோட்டாவுக்கு மூன்று நிமிஷம் எடுத்துக்கொண்டார், ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

எமில் தானே நடந்துபோய் அட்டையைக் கழற்றினார். ஆறும் நடுக் கருப்பில், ஒரு கொலாச்சியால் மூடிவிடலாம் போல நெருக்கமாக இருந்தன. முதுகைத் திருப்பிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். தோள் மட்டும் குலுங்கியது. டொலோரஸ் மதிப்பெண் நோட்டை மேஜைமேல் போட்டுவிட்டு அவரிடம் போனார்.

"பாத்தியா," என்றார் எமில், அட்டையை அவரிடம் காட்டி. "அப்பா நேராத்தான் வச்சிருக்கார்."